முதல்முறை ரீயூனியனுக்குப் போகிறவர்களுக்கு

திடீரென்று ஒரு நாள் யாரோ உங்களை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். பள்ளியின் பெயர்ச் சுருக்கமும் நீங்கள் படித்து முடித்த வருடமும்தான் குரூப்பின் பெயர். உள்ளே எட்டிப் பார்த்தால் எண்பது நம்பர்கள், பாதி யாருடையது என்றே தெரியாது, டிபியில் ஒரு குழந்தை, ஒரு பூ, ஒரு மலை. "டேய் நீயாடா", "அந்தக் கடைசி பெஞ்ச் கும்பல் எங்கப்பா" என்று இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் யாராவது "எல்லாரும் ஊர்ல கூடுவோமா" என்று கேட்பார்கள். அவ்வளவுதான், தேதி, இடம், பங்குத் தொகை, ஒரே நிற டீ-ஷர்ட் வேண்டுமா வேண்டாமா என்று வேலை வேகமெடுத்துவிடும்.

இப்படியொரு சந்திப்புக்குப் போயே பழக்கமில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான்: அந்த எண்பது பேரையும் பார்க்கப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேரைப் பார்க்கப் போங்கள். ஐந்து மணி நேரத்தில் எண்பது பேரிடம் பேசினால் ஒருவருக்கு நான்கு நிமிடம்கூட வராது, அந்த நான்கு நிமிடமும் "எப்படி இருக்கே, எங்க இருக்கே" என்பதிலேயே கரைந்துவிடும். அந்த இரண்டு மூன்று பேர் யார் என்று முடிவு செய்துவிட்டால் மற்ற ஏற்பாடுகள் பாதி தானாகவே அமைந்துவிடும்.

போவதா, வேண்டாமா

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குரூப்பைப் பார்க்காமல், வகுப்பு போட்டோவையும் பார்க்காமல், யாரைப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறதோ அவர்கள் பெயரை எழுதுங்கள். பெயர் வராவிட்டால் "மூன்றாவது பெஞ்ச், ஓவியம் வரைபவள்" என்று எழுதினாலும் போதும். இரண்டு பேராவது தேறினால், அவர்கள் வருகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போகலாம். ஒருவரும் தேறவில்லை, நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்றால் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பள்ளிக்காலம் எல்லோருக்கும் இனித்ததில்லை. ஆனால் "பார்க்கலாம்", "ட்ரை பண்றேன்" என்று இழுக்காதீர்கள். இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தலை எண்ணிக்கை கொடுக்க வேண்டியவர் உங்கள் வகுப்பில் படித்த ஒருவர்தான், கைக்காசைப் போட்டு முன்பணம் கட்டியிருப்பார். வருகிறேன் அல்லது வரவில்லை, இரண்டில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வருவதாக இருந்தால் பங்குத் தொகையையும் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

போக ஆசையிருந்தும் தயங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். எடை கூடிவிட்டது, முடி கொட்டிவிட்டது, வேலை சரியில்லை, கல்யாணம் ஆகவில்லை, ஆகி முறிந்துவிட்டது என்று ஏதோ ஒன்று உள்ளே உறுத்தும், எல்லோர் கண்ணும் அதில்தான் விழும் என்று தோன்றும். உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் சேர்ந்தவர்களும் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான ஒரு டீ-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையிலிருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சட்டையில் என்ன இருந்தது என்று கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான். ரீயூனியனில் அந்தக் கால்வாசியும் தேறுமா என்பது என் சந்தேகம், அங்கே வந்திருக்கிற ஒவ்வொருவரும் தன் தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு நிற்பதில் மும்முரமாக இருப்பார்கள்.

போகக் கூடாத காரணங்களும் உண்டு. "நான் எங்கே இருக்கேன்னு அவனுங்களுக்குக் காட்டணும்" என்று போகிறவர்களுக்கு அந்த நாள் சப்பென்று முடியும், ஏனென்றால் யாரிடம் காட்ட நினைத்தார்களோ அவர் வந்திருக்க மாட்டார், வந்திருந்தாலும் பழசு எதையும் அவர் ஞாபகம் வைத்திருக்க மாட்டார். பழைய காதலைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் அதை உங்களுக்குள்ளாவது நேர்மையாக ஒப்புக்கொள்ளுங்கள். பார்த்து, நாலு பேர் நடுவே நலம் விசாரித்துவிட்டு நகர முடியும் என்றால் சரி. "தனியா கொஞ்சம் பேசணும்" என்பது வரை மனம் போகிறதென்றால் இந்த முறை வீட்டிலேயே இருப்பது உத்தமம்.

குரூப்பில் சேர்ந்தவுடன்

முதல் செய்தியிலேயே உங்களை அடையாளம் காட்டிவிடுங்கள். வெறும் "ஹாய் ஃப்ரெண்ட்ஸ்" யாருக்கும் உதவாது. பெயர் (பிற்பாடு மாற்றியிருந்தால் பழைய பெயரும்), எந்தப் பிரிவு, யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள், இந்த நான்கும் ஒரே செய்தியில் வந்துவிட்டால் பத்து பேர் "அட" என்று நிமிர்வார்கள். வகுப்பில் உங்களோடு ஒரே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால் இது இன்னும் அவசியம்.

அப்புறம் குரூப்பை ம்யூட் செய்துவிடுங்கள். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தேர்வு இருக்கிறது, மூன்றாவதைத் தாராளமாகத் தொடலாம். இதில் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. குரூப்பில் இருக்கிற எல்லோராலும் உங்கள் நம்பரைப் பார்க்க முடியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கேட்காமலே ஆளாளுக்குப் புதுக் குரூப்பில் இழுத்துப் போடுவது பிடிக்காவிட்டால், பிரைவசி அமைப்புகளில் குரூப்ஸ் என்ற இடத்துக்குப் போய், யார் உங்களைச் சேர்க்கலாம் என்பதை உங்கள் தொடர்பில் இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றிக்கொள்ளலாம்.

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய நண்பர்கள் குரூப் என்றால் மோசடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஒருவருக்கொருவர் பாசம் பொங்கும், ஆனால் ஒருவர் குரல்கூட இன்னொருவருக்குத் தெரியாது. "அவசரமா கொஞ்சம் பணம் வேணும், நாளைக்கே திருப்பிடறேன்" என்று வகுப்புத்தோழர் நம்பரிலிருந்து செய்தி வந்தால், அந்தக் கணக்கை வேறு யாரோ பிடித்துவைத்திருக்கவும் வாய்ப்புண்டு. கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு காசு அனுப்பாதீர்கள். "உன் போனுக்குத் தவறுதலா ஒரு ஆறு இலக்க கோடு வந்திருக்கும், அனுப்பேன்" என்றால் அந்த எண்ணைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அடுத்து உங்கள் பெயரில் பணம் கேட்பார்கள்.

யார் இறந்துவிட்டார்கள் என்பதைப் போவதற்கு முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொஞ்சம் கடினமான கேள்விதான். ஆனால் கூட்டத்தின் நடுவில் சிரித்துக்கொண்டே "அவன் வரலையா?" என்று கேட்டு, எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். முடிந்து இருபது, முப்பது வருடம் ஆன வகுப்பு என்றால் அப்படி ஒருவராவது இருப்பார்.

தாளில் எழுதிய அந்த இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்புங்கள். "இத்தனை வருஷம் கழிச்சு திடீர்னு எப்படி" என்ற கூச்சம் வரத்தான் செய்யும். பெக்கி லியூ என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்பு விட்டுப்போன ஒருவர் தானாக முன்வந்து நலம் விசாரித்தால் எதிர்ப்பக்கம் எவ்வளவு சந்தோஷப்படுகிறது என்பதை விசாரிப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று கண்டார்கள். எதிர்பாராமல் வரும் விசாரிப்புக்கு மதிப்பு இன்னும் கூடுதல். அதனால் நீளமாக எதுவும் வேண்டாம். "நான் வர்றேன், நீ வர்றியா? உன்னைப் பார்க்கணும்னுதான் வர்றேன்" என்றால் போதும். வராமல் இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவர் இந்த ஒரு வரிக்காக டிக்கெட் போட்டுவிடுவார்.

முகம், பெயர்

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1975-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள், இந்த விஷயத்தில் இன்றும் எல்லோரும் எடுத்துச் சொல்வது அதைத்தான். 17 வயதிலிருந்து 74 வயது வரை 392 பேர். பள்ளி முடித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆனவர்கள்கூட, வகுப்புத் தோழர்களின் பழைய படங்களைக் காட்டியபோது சுமார் 90% முகங்களைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆனால் படமோ பட்டியலோ இல்லாமல் பெயரைத் தாமாக நினைவுபடுத்தச் சொன்னபோது அந்த அளவுக்குத் தேறவில்லை, வருடம் ஏற ஏற அது இன்னும் தேய்ந்தது.

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் காட்டியது பள்ளி வயதுப் படங்களை. மண்டபத்தில் உங்கள் முன்னால் வந்து நிற்கப்போவதோ இருபத்தைந்து வருடம் கூடிய முகம். தாடி வந்திருக்கும், முடி போயிருக்கும், ஒல்லியாக இருந்தவர் இரண்டு மடங்காகியிருப்பார். ஆகவே பழைய படத்துக்கும் புதிய முகத்துக்கும் நடுவே உள்ள பாலத்தை நீங்கள் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும்.

வகுப்பு குரூப் போட்டோவைத் தேடி எடுங்கள். உங்களிடம் இல்லாவிட்டால் குரூப்பில் கேளுங்கள், யாராவது ஒருவர் பீரோ அடியிலிருந்து எடுத்து அனுப்புவார். வரிசை வரிசையாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைசி வரிசை, இடப்பக்கத்திலிருந்து நாலாவது, கண்ணை மூடிக்கொண்டிருப்பவன், அவன் பெயர் என்ன? ஞாபகம் வந்தவற்றை எழுதிக்கொண்டே போங்கள், வராதவற்றை அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேளுங்கள். பிறகு அதே ஆட்களின் இப்போதைய டிபியைத் திறந்து பழைய முகத்தோடு வைத்துப் பாருங்கள். மூக்கும் கண்ணின் அமைப்பும் அவ்வளவாக மாறுவதில்லை, சிரிக்கும்போது உதடு கோணுவதும் அப்படியே இருக்கும். அரை மணி நேர வேலைதான், அங்கே போனதும் இது எப்படி உதவுகிறது என்று பார்ப்பீர்கள்.

அப்படியும் பெயர் வரவில்லையா? நீங்கள் முந்திக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள். கை நீட்டும்போதே "நான் இன்னார், பி செக்ஷன்" என்றால் அவரும் தன் பெயரைச் சொல்லிவிடுவார், இருவரும் தப்பித்தோம். "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று தோளைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேர் இருப்பார்கள். "முகம் நல்லா ஞாபகம் இருக்கு, பேர் வரல, நீயே சொல்லிடு" என்று உடனே சரணடைந்துவிடுங்கள். ஊகித்துத் தப்பான பெயரைச் சொன்னால்தான் அது அன்று முழுக்க ஓடும்.

ஏற்பாடு செய்கிறவர் இதைப் படிப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள், சட்டையில் மாட்டும் பெயர் அட்டை கொடுங்கள். பெயர் பெரிதாக, மூன்றடி தூரத்திலிருந்து கண்ணாடி போடாமல் படிக்கும்படி இருக்கட்டும், அடியில் பிரிவும், முடிந்தால் அன்றைய போட்டோவிலிருந்து வெட்டிய முகமும். கழுத்தில் தொங்கும் கயிறு அட்டை திரும்பிக்கொண்டே இருக்கும், நெஞ்சில் குத்துவதே நல்லது.

ஊருக்குப் போகும் ஏற்பாடு

ஊரில் இன்னும் உறவினர் இருந்தால் சந்திப்பு நாளையும் உறவினர் நாளையும் கலக்காதீர்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டு எங்க வீட்டுக்கு அரை மணி நேரம்கூட வரலையே" என்ற பேச்சு வரும், அதற்காக நடுவில் எழுந்து ஓடினால் இரண்டு பக்கமும் அரைகுறை. ஒரு நாள் முன்னதாகப் போய் வீட்டுக் கடமைகளை முடித்துவிடுங்கள். சந்திப்புக்கு மறுநாள் காலையைக் காலியாக வையுங்கள். கூட்டத்தில் சரியாகப் பேச முடியாதவரோடு மறுநாள் காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், முந்தின நாள் முழுக்கப் பேசியதைவிட அது நன்றாக இருக்கும். அதே இரவு திரும்பும் டிக்கெட் போடுகிறவர்களுக்குக் கிடைக்காமல் போவது இதுதான்.

துணையையும் குழந்தைகளையும் கூட்டிப்போகலாமா? முதல்முறை தனியாகப் போங்கள் என்பதே என் அபிப்பிராயம். யாரையும் தெரியாத இடத்தில், தனக்குப் புரியாத பழைய கதைகளுக்குச் சிரித்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்காருவது பெரிய தண்டனை. அவர் வர விரும்பினால் கடைசி ஒரு மணி நேரத்துக்கு வரச்சொல்லுங்கள்.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கு ஏற்கனவே பழகிய உடை, நாள் முழுக்க நிற்கத் தோதான செருப்பு. புதுச் செருப்பு மட்டும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பார்ப்பதாக இருந்தால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கச் சொல்லுங்கள். நாற்பது பேர் வேலை நாளில் திடுதிப்பென்று வாசலில் போய் நின்றால் காவலாளி உள்ளே விடமாட்டார், விடாததுதான் சரி, அங்கே குழந்தைகள் படிக்கிறார்கள். விடுமுறை நாளில் கேட்டால் சுலபமாகக் கிடைக்கும். உள்ளே போனால் எல்லாம் சுருங்கிப்போயிருக்கும். ஓடி ஓடி மூச்சு வாங்கிய மைதானம் இவ்வளவுதானா என்றிருக்கும், எக்கி நின்று தண்ணீர் பிடித்த குழாய்க்கு இப்போது குனிய வேண்டியிருக்கும், பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி மேசையில் இடிக்கும். உங்கள் வகுப்பறை இருந்த கட்டடமே இல்லாமலும் போயிருக்கலாம். அங்கே போய் யாரையும் குறை சொல்லிப் புலம்பாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும்

சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள், முடிந்தால் பத்து நிமிடம் முன்பே. பெருங்கூட்டம் கூடிக் கும்பல் கும்பலாகப் பிரிந்து நின்ற பிறகு உள்ளே நுழைவதுதான் சிரமம். ஆறு பேர் இருக்கும்போது போனால் ஏழாவது ஆளாக இயல்பாகச் சேர்ந்துகொள்ளலாம், பின்னால் வருகிறவர்களை வரவேற்கும் இடத்தில் நீங்களே நிற்பீர்கள். சங்கோஜம் உள்ளவர்கள் ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் பெயரை எழுதி அட்டை கொடுக்கும் மேசை ரொம்ப உசிதம், எல்லோரும் உங்களிடம் வந்து பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீயா நீங்களா என்ற குழப்பம் முதல் இரண்டு நிமிடம் இருக்கும். அன்று வாடா போடா என்றிருந்தவர் இன்று நரைத்த மீசையோடு நிற்கிறார், பக்கத்தில் அவர் மகள். அவர் எப்படி ஆரம்பிக்கிறாரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அன்று அதிகம் பேசியிராதவர் என்றால் நீங்கள், வாங்க என்றே தொடங்கலாம், அவரே "என்னப்பா மரியாதையெல்லாம்" என்றால் இறங்கிக்கொள்ளலாம். பட்டப்பெயரை அவர் குடும்பத்தார் முன்னால் சொல்லவே கூடாது. அன்று அவர் சிரித்தார் என்பதற்காக அது அவருக்குப் பிடித்திருந்தது என்று அர்த்தமில்லை.

என்ன பேசுவது

"என்ன பண்றே?" என்ற கேள்வி குறைந்தது இருபது முறை வரும். அதற்கு இரண்டு வாக்கியத்தில் ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள், இரண்டாவது வாக்கியம் எதிராளி பிடித்துக்கொண்டு மேலே பேசும்படி இருக்கட்டும். வேலை இல்லாமல் இருந்தால் "இப்போ வேலை மாறுற நேரம், வீட்டுல தோட்டம் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிடலாம், பேச்சு தோட்டத்துக்குப் போய்விடும். பொய் சொல்லாதீர்கள், எண்பது பேரில் ஒருவர் உங்கள் அலுவலகத்தில் வேலை செய்தவராக இருப்பார்.

சம்பளம், வீடு, குழந்தை உண்டா, ஏன் இல்லை, வீட்டுக்காரர் ஏன் வரவில்லை, இந்த ஐந்தையும் நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல விரும்புகிறவர் கேட்காமலே சொல்வார். கேட்க நல்ல கேள்விகள் வேறு இருக்கின்றன: ஸ்கூல் முடிஞ்சதும் எங்க போனே, நம்ம வகுப்புல யாரோட தொடர்புல இருக்கே, அப்போ நீ நல்லா பாடுவியே, இப்பவும் பாடறியா. கடைசி மாதிரிக் கேள்விதான் சிறந்தது. தன்னைப் பற்றித் தானே மறந்துவிட்ட ஒன்றை இன்னொருவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்றால் யாருக்கும் முகம் மலரும்.

பழைய சம்பவங்களை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். ஜன்னலை உடைத்தது நீங்கள் என்று ஒருவர் சத்தியம் செய்வார், நீங்கள் அன்று பள்ளிக்கே வந்திருக்க மாட்டீர்கள். பத்து வயதிலிருந்து முப்பது வரை நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்பதை நினைவு பற்றிய ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன, ஆனால் அடிக்கடி நினைவுக்கு வருவதால் மட்டும் ஒன்று துல்லியமாகிவிடாது. சொல்லிச் சொல்லி அது ஒரு வடிவத்துக்கு வந்திருக்கும். கதை நன்றாக இருந்தால் ஜன்னலை நீங்களே உடைத்ததாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இதெல்லாம் வெறும் பழங்கதை, இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்கு: டேனியல் லெவின், ஜார்ஜ் வால்டர், கீத் மர்னிகன் ஆகிய மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது மூன்று வருடமாகத் தொடர்பில்லாத பழைய பழக்கங்களைத் தேடிப்போய் ஒரு வேலை விஷயத்துக்கு யோசனை கேட்கும்படி மேலாளர்களிடம் சொன்னார்கள். தினமும் பேசுகிறவர்களிடம் கிடைக்காத புது விஷயங்கள் அங்கே கிடைத்தன, பழைய நம்பிக்கையும் அப்படியே இருந்தது. வேறு வேறு பாதையில் போனவர்களுக்கு வேறு வேறு உலகம் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு அன்றே விசிட்டிங் கார்டை நீட்டாதீர்கள். காப்பீடு, மனை, சங்கிலித் திட்டம் என்று எதையாவது விற்க வருகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். "இன்னைக்கு வேண்டாம்பா, இன்னொரு நாள் பேசலாம்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

ஆசிரியர்களிடம்

"சார், என்னை ஞாபகம் இருக்கா?" இந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்புக்கு 40 பேர், வருடத்துக்கு ஐந்து வகுப்பு, 30 வருட வேலை என்றால் 6,000 முகங்கள். அவர் கண்ணைச் சுருக்கி, தர்மசங்கடத்தோடு சிரித்து, "இருக்கே, இருக்கே" என்று சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ள வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெயர், வருடம், பிரிவு சொல்லி, அவர் வகுப்பில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள். "வரைபடத்துல ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு தப்பாச் சொன்னேன், நீங்க சிரிச்சுட்டு மறுபடி கேட்டீங்க" என்கிற மாதிரி. உங்களை அவருக்கு ஞாபகம் வராவிட்டாலும் அந்த வகுப்பு ஞாபகம் வரும், பேச்சு அங்கிருந்து போகும்.

அவருக்கு வயதாகியிருக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், இரைச்சலில் காது பிடிபடாது. நேரே எதிரில் இருந்து, முகம் தெரியும்படி, நிறுத்திப் பேசுங்கள், கத்த வேண்டாம். அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறாரா என்று கேளுங்கள், பெரும்பாலும் அழைத்து வர ஆள் இருக்கும், திரும்பக் கொண்டுபோய் விட இருக்காது. உங்களிடம் வண்டி இருந்தால் அதற்கு நீங்கள் முன்வரலாம், அந்தப் பயணத்தில் கிடைக்கும் பேச்சு மண்டபத்தில் கிடைக்காது.

கசப்பு இருந்தால்

சிலரை அன்று வகுப்பே சேர்ந்து கேலி செய்திருக்கும், சிலர் அடி வாங்கியிருப்பார்கள். அப்படிப்பட்டவர் நீங்கள் என்றால், ஆண்டுகள் கழிந்தாலும் அந்த முகத்தைப் பார்த்ததும் உடம்பு இறுகும். அவரோடு பேச வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கூடப் படித்த ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், "அவன் என்கிட்ட வந்தா நீ பக்கத்துல இரு". வெளியே போக ஒரு வழி, திரும்ப உங்கள் சொந்த வண்டி, இரண்டும் கையில் இருக்கட்டும். அவர் தோளில் கை போட்டு, அன்று செய்ததையே நகைச்சுவையாக எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்தால் சிரிக்க வேண்டாம். "எனக்கு அது அப்போ சிரிப்பா இல்ல" என்று சாதாரணக் குரலில் ஒரு முறை சொன்னால் போதும், சுற்றி இருப்பவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கேலி செய்தவர் நீங்கள் என்றால்? முதலில், "அதெல்லாம் சும்மா விளையாட்டு" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். மன்னிப்புக் கேட்க நினைத்தால் கூட்டத்தில் கேட்காதீர்கள், மைக்கில் கேட்கவே கேட்காதீர்கள், அது அவரை மறுபடி எல்லோர் முன்னாலும் நிறுத்துவது. தனியாக, சுருக்கமாக, என்ன செய்தீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, "அது தப்பு, மன்னிச்சுக்கோன்னு கேட்கிறதுக்காகச் சொல்லல, சொல்லணும்னு இருந்துச்சு" என்று முடித்துவிடுங்கள். அவர் பதில் சொல்லாமல் போனாலும் பின்னாலேயே போகாதீர்கள்.

மேடை, போட்டோ, இரவு

யாராவது மைக்கை நீட்டினால் ஒரு நிமிடம் பேசுங்கள். அதற்கு மேல் பேசும் ஒவ்வொரு நிமிடமும் கீழே பேசிக்கொண்டிருப்பவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வது. குரூப் போட்டோவை எல்லோரும் வந்து சேர்ந்ததும், சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள், கடைசியில் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். பழைய போட்டோவில் நின்ற அதே வரிசையில் நிற்க வைத்து ஒன்று எடுத்தால் அது காலத்துக்கும் இருக்கும், இறந்தவர்கள் இடத்தை அப்படியே விட்டுவிடலாம். பொதுவெளியில் போடுவதற்கு முன் கேளுங்கள், தான் இருக்கும் ஊரோ முகமோ வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு, அதற்கான காரணத்தை உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

இரவில் சிலர் மட்டும் தனியாகக் குடிக்க ஒதுங்குவார்கள். பிடிக்காவிட்டால் கிளம்பிவிடுங்கள், யாரும் நினைவில் வைக்கப்போவதில்லை. குடித்தவர் ஓட்டும் வண்டியில் மட்டும் பழைய பாசத்துக்காக ஏறாதீர்கள்.

முடிந்த பிறகு

மறுநாளே, மிஞ்சிப்போனால் ஒரு வாரத்துக்குள், நீங்கள் தேடிப்போன அந்த இரண்டு மூன்று பேருக்குத் தனியாக எழுதுங்கள், பேச்சில் வந்த ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்றாரா, எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். நம்பரைச் சேமிக்கும்போது பெயரோடு பிரிவையும் ஊரையும் சேர்த்துச் சேமியுங்கள், ஆறு மாதம் கழித்து வெறும் பெயரைப் பார்த்தால் எந்தப் பெயர் எவர் என்று திகைப்பீர்கள்.

குரூப் மூன்று வாரம் கொதிக்கும். அடுத்த வருடமும் கூடுவோம், அறக்கட்டளை ஆரம்பிப்போம், மாதாமாதம் சந்திப்போம் என்று திட்டங்கள் பறக்கும். அந்த உற்சாகத்தில் பெரிய தொகைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பள்ளிக்கு ஏதாவது செய்வதென்றால் என்ன தேவை என்று பள்ளியிடம் கேட்டு, கணக்கு எழுத இரண்டு பேரை வைத்துவிட்டுப் பணம் போடுங்கள். பிறகு காலை வணக்கப் படங்களும் அரசியல் சண்டையும் வரத் தொடங்கும், அப்போது குரூப்பை ஆர்கைவில் தள்ளிவிடலாம், வெளியேறினால்தான் "ஏன் போயிட்டே" என்று கேள்வி வரும்.

வராத ஒருவரின் நம்பரோ ஊரோ உங்களுக்குத் தெரிந்திருந்தால், முதலில் அவரிடமே கேட்டு, சரி என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். அவரிடம் இருக்கும் பட்டியலில் இன்னும் பத்துப் பதினைந்து பெயருக்கு எதிரே கட்டம் காலியாகத்தான் இருக்கும்.